காதைத் தொட்ட கை

என் தம்பியும் நானும் ஒரே வயிற்றில் ஒரே காலையில் பிறந்தவர்கள். நான் முதலில் வந்தேன். நாலு நாழிகை கழித்து அவன் வந்தான். அந்த நாலு நாழிகைக்காக அவன் என்னை அக்கா என்றே கூப்பிட்டான். நானும் அந்த அதிகாரத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் சுதந்திரம் வந்த வருஷக் கடைசியில் எங்களுக்கு மூன்று விதமான கணக்கில் வயது இருந்தது. நிஜத்தில் இருவருக்கும் பதினேழு. பள்ளிக்கூட ரெஜிஸ்தரில் அவனுக்குப் பத்தொன்பது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் எனக்குப் பதினைந்து. ஒன்றாகப் பிறந்தவர்களுக்கு நடுவில் நாலு வருஷ இடைவெளியை உண்டாக்கிய பெருமை எங்கள் அப்பாவுக்கே உரியது.

முதல் பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு வயதில் விஜயதசமி அன்று எங்கள் இருவரையும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார் அப்பா. அப்போதெல்லாம் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேரும் வயது வந்துவிட்டது. என் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. என் தம்பிக்குக் கை நீளம். அவன் காதைத் தொட்டது மட்டுமல்ல, அதைப் பிடித்து முறுக்கியும் காட்டினான்.

"ஆறு போட்டுக்கட்டுங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

"போடுங்க சார். வூட்ல இவன் தொல்லை தாங்கல" என்றார் அப்பா.

அப்படித்தான் அவன் ஒரே நிமிஷத்தில் இரண்டு வயது வளர்ந்தான். நான் அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்தக் கைகள் அதற்குப் பிறகும் வளர்ந்தன. அரியலூரில் ஹைஸ்கூல் சேர்ந்து, நாலாம் பாரத்தில் ஒரு தடவையும் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் ஒரு தடவையும் கோட்டை விட்டு, அங்கேயே நாலு பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். படிப்பில் கோட்டை விட்டானே தவிர, மைதானத்தில் விடவில்லை. அவன் கோல் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது முழங்கால் முழுக்கச் சுண்ணாம்புக்கல் தூள் அப்பியிருக்கும். அந்த மண்ணில் கல்லாய்ப் போன கிளிஞ்சல்கள் கிடக்கும். விழுந்து பந்தைப் பிடிப்பவன் தோலைக் கிழிக்கும். புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டுவது என் வேலை.

அவன் ஆடி நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அரியலூர்ச் சந்தைக்குப் போன வண்டி மைதானத்தோரம் நின்றது. சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். பந்து மேலே மூலைக்குப் பறந்தது. கோல்தான் என்று எல்லோரும் கத்திவிட்டார்கள். அவன் எம்பி, முருங்கைக்காய் பறிப்பது மாதிரி ஒற்றைக் கையால் அதை எடுத்துக்கொண்டு இறங்கினான். "பொண்ணு பாக்குற பார்வையா இது, தலையை உள்ள இழு" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். வண்டியில் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

இரண்டாவது பொய் எனக்காகச் சொன்னது. எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் வயதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. பதினேழா, முற்றின பெண்ணாயிற்றே என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாகப் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். கரிசல் காடு, பருத்தி வெள்ளாமை, நல்ல குடும்பம். இந்தத் தடவை அப்பா முந்திக்கொண்டார். ஜோசியரைப் பிடித்து எனக்குப் புது ஜாதகம் எழுதினார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்களே, அதில் இதுதான் முதலாவது என்றார். தம்பியை இனி அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி எனக்கு உத்தரவு. "அண்ணே" என்று நான் பழகிப் பார்ப்பேன். "என்னம்மா தங்கச்சி" என்று அவன் குரலைக் கனமாக்குவான். கிணற்றடியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

கார்த்திகையில் அவன் ஓடி வந்தான். டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டீஸைப் படித்துக் காட்டியிருக்கிறார். சிலோனில் பையன்களுக்கு ஒரு பந்தயமாம். சிலோன், பர்மா, நம் தேசம் என்று ஒவ்வொரு தேசத்திலிருந்தும் ஒரு அணியாம். பதினெட்டு முடியாதவர்கள் மட்டும்தானாம். திருச்சியில் ஆளெடுக்கிறார்கள். "நீ போனா கண்டிப்பா எடுப்பாங்கடா" என்று மாஸ்டர் சொன்னாராம். சுதந்திரம் வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. தேசத்தின் பேரில் ஆடுவது என்று சொல்லும்போது அவன் தானாகவே நிமிர்ந்து நின்றான். அவனை அதற்கு முன்னால் நான் அப்படிப் பார்த்ததில்லை.

ரெஜிஸ்தர்தான் குறுக்கே நின்றது. ஜாதகத்தைக் காட்டினால் வயதைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஜாதகம் அப்பாவின் பெட்டியில் இருந்தது. ஆனால் அதைக் கொடுக்க வேண்டிய இடம் பள்ளிக்கூட ஆபீஸ். அங்கே குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவர் பெரம்பலூர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"ரெட்டைப் புள்ளைங்கன்னு அதுல தெளிவா எழுதியிருக்கு. அது அவரு கையில போனா இவ கல்யாணம் என்னாவறது?" என்றார் அப்பா. "பந்தை ஒதைச்சு எவன்டா குடும்பம் நடத்துனான்?"

"நான் ஒதைக்கிறவன் இல்லப்பா. புடிக்கிறவன்."

வேறு நாளாக இருந்தால் அப்பாவே சிரித்திருப்பார்.

அன்று சாயங்காலம் கிணற்றடிக்கு என்னைத் தேடி வந்தான். "அக்கா, நீ சொன்னா அப்பா குடுத்துடுவாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசிக்க என்ன இருந்தது? எனக்குப் பயம். மூன்றாவதும் போய்விட்டால் நாலாவது வருமா என்ற பயம். அதோடு, மாப்பிள்ளையை ஜன்னல் வழியே பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. இதை எழுத இப்போது எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு அவனிடம் சொல்லாமல் இருந்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பூலம் மாற்ற வந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமைதான் திருச்சிக்குப் பேர் அனுப்பக் கடைசி நாள். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என் தம்பியைக் குமாஸ்தா கைகாட்டி நிறுத்தினார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, டிரில் மாஸ்டர் உன்னைப் பத்திப் பேசினாரு. வயசைத் தப்பா எழுதிட்டாங்களாமே? ஜாதகம் இருந்தா குடு, நாளைக்கே நானே திருத்தி ஹெட்மாஸ்டர் அய்யாகிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன். உனக்கு நெசமா என்ன வயசு?"

அப்பா கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னவள் சொல்வதற்கு அதுதான் நேரம். வெளியே வந்து, நாங்கள் ஒன்றாய்ப் பிறந்தவர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பத்தொம்பதுதாங்க. ரெஜிஸ்தர்ல இருக்கிறது சரிதாங்க. மாஸ்டர்கிட்ட நான்தான் பொய் சொல்லிட்டேன்" என்றான் அவன்.

"அட போப்பா, வெளையாட்டுக்காகப் பொய் சொல்லலாமா?" என்று குமாஸ்தா எல்லோருக்கும் கேட்கும்படி புத்தி சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

திருச்சிக்கு வரதராஜன்பேட்டைப் பையன் ஒருவன் போனான். முட்டியில் கட்டும் துணிப்பட்டையைத் தம்பி அவனிடம் கொடுத்தனுப்பினான். அந்தப் பையன் தேறாமல் முதல் நாளே திரும்பி வந்துவிட்டான். சிலோன் பந்தயம் கடைசியில் நடந்ததா என்றே எனக்குத் தெரியாது. நடக்காமல் போயிருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை. நீ வேண்டும், வேண்டாம் என்று திருச்சியில் எவனாவது ஒருவன் அவன் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவிடாமல் செய்தவள் நான்.

மாசியில் கல்யாணம் நடந்தது. என்னை வண்டி ஏற்றிவிடும்போது "போயிட்டு வா தங்கச்சி" என்றான். கிணற்றடியில் கேலிக்குச் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை இருவரும் சிரிக்கவில்லை. பெரம்பலூருக்கு அவன் வரும்போதெல்லாம் நான் "வாங்கண்ணே" என்பேன். மாமியார் என் மரியாதையை மெச்சிக்கொள்வார்.

மார்கழியில் ஒருநாள் என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையில் நாலைந்து நரை தெரிந்தது. "இருபத்திநாலு வயசுல நரையா?" என்று கேட்டேன்.

"யாருக்கு இருபத்திநாலு?" என்று அவர் சிரித்தார். "எனக்கு இருபத்தெட்டு. உங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு மாமாதான் நாலைக் கொறைச்சுச் சொன்னாரு."

குமாஸ்தா மாமா. விளையாட்டுக்காகப் பொய் சொல்லலாமா என்று கேட்டவர். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் வயது, என் தம்பி, அந்தப் பந்தி எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"பதினேழா இருந்தா என்ன? நான் கேக்கவே இல்லையே" என்றார். அவ்வளவுதான். இவர் என்ன சொல்வாரோ என்று பயந்துதான் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வீட்டாரும் பொய் சொல்லி, இரண்டு வீட்டாரும் நன்றாகத்தான் இருந்தோம். யாரும் எதையும் இழக்கவில்லை, அவனைத் தவிர.

தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தான். தோளில் கரும்புக் கட்டு, கையில் மஞ்சள் கொத்து, பின்னால் வாழைத்தாரோடு ஓர் ஆள். வாசலில் மாமியார் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சத்தமாகவே சொன்னேன்.

"வாடா தம்பி."

மாமியார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கரும்புக் கட்டை மெதுவாக இறக்கிச் சுவரில் சாய்த்தான். முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது.

"இப்ப சொல்றியே அக்கா," என்றான். "இப்ப எனக்கு நெசமாவே பதினெட்டு முடிஞ்சு போச்சே."