யாரும் கேட்காத பரீட்சை

செண்பகனூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. கூக்கால் மலைக்கிராமத்து நோயாளியை நோய் பார்த்து வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், பஸ் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மதியம் இரண்டு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான்.

எம்.டி. முடித்த கையோடு 1988-ல் அங்கே சேர்ந்த டாக்டர் அருள்மேரியும் அதற்குப் பழகிப்போனாள். உருளைக்கிழங்குக்குப் பூச்சிமருந்து அடித்து, வாயில் நுரை தள்ளி வந்த கூக்கால் சின்னச்சாமியை இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து பிழைக்கவைத்தாள். மூன்றாம் நாள் அவர் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

"கழுத்து மட்டும் நிக்க மாட்டேங்குது டாக்டரம்மா," என்றார்.

"அசதிதாங்க. வீட்டுக்குப் போனாச் சரியாயிரும்," என்று கையெழுத்துப் போட்டாள். மணி ஒன்றே முக்கால்.

வழியில் பூம்பாறை வருவதற்குள் பஸ்ஸிலேயே அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. காரியம் முடிந்து வந்த அவர் மனைவி வீரம்மாள், இரண்டு நாள் பார்த்துக்கொண்டதற்காக ஒரு பை பூண்டு கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பூண்டை உரிக்க அருள்மேரிக்கு மனம் வரவில்லை.

அந்த மாதம்தான் டெல்லியில் நடக்கும் ஒரு மருத்துவப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள். எம்.டி. இருப்பவர்களுக்கு அது கட்டாயமில்லை. பெரிய டாக்டர் ஞானமுத்து சிரித்தார்.

"என்னத்துக்கும்மா இந்த வேண்டாத சோலி? சம்பளம் ஏறாது. போர்டுல உன் பேருக்குப் பின்னாடி நாலு எழுத்து கூடும். கூக்கால்காரங்க அதப் படிச்சுப் பாத்தா வரப் போறாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாளெல்லாம் நோயாளி பார்த்து அலுத்தவளுக்குப் புத்தகத்தைத் திறக்கக் கை வராது. பரீட்சைத் தேதி என்று ஒன்று பிடரியில் உட்கார்ந்தால் கை வரும். அவள் விரும்பியது அதைத்தான்.

படிக்க எடுத்த பழைய மருத்துவ இதழ் ஒன்றில் இலங்கை டாக்டர்களின் கட்டுரை இருந்தது. பூச்சிமருந்து விஷம் தெளிந்த மாதிரி தெரியும். பிறகு கழுத்து நிற்காது, அதன் பின் மூச்சு நிற்கும். மூச்சுக்குத் துணை கொடுத்தால் ஆள் பிழைப்பார். அருள்மேரி இதழை மூடிவைத்துவிட்டு அழுதாள்.

பரீட்சையில் தேறினாள். போர்டில் எழுத ஞானமுத்து பெயிண்டரை வரவழைத்தார்.

"போர்டு அப்படியே இருக்கட்டும் சார்," என்றவள், வார்டு கதவில் எழுதச் சொன்னாள்: 'மருந்தடித்து வந்தவர் தலையைத் தூக்கும்வரை பஸ்ஸுக்கு அனுப்பக் கூடாது.'

அடுத்த அறுவடைக்கு வீரம்மாள் மறுபடி பூண்டுப் பையோடு வந்தாள். அருள்மேரி இதழில் படித்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அவுக போறதுக்கு முந்தியே அது எழுதிக் கெடந்துச்சா?"

"கெடந்துச்சுங்க. நாந்தான் படிக்கல."

வீரம்மாள் கொடுக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வார்டுக் கதவருகே நின்றாள்.

"இதுல என்ன எழுதிருக்கு?"

அருள்மேரி வாசித்துக் காட்டினாள்.

"இப்ப எம் மகன்தான் மருந்தடிக்கிறான்," என்றாள் வீரம்மாள். "அவனக் கொண்டாந்தா, பஸ்ஸு போனாப் போகட்டும்."

சொல்லிவிட்டு, பூண்டுப் பையோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.