ராக்காயியின் சுரண்டி

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ராக்காயியின் சுரண்டிக்குத் தனி மரியாதை உண்டு. இருபத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவள்தான். ஆனால் பேர் வாங்கியது புல் சுரண்டுவதில். அவள் சுரண்டிய மலையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம் என்பார்கள். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்ததே அவள்தான் என்றும் சொல்வார்கள்.

அவள் குடியிருந்த லயத்துக்கு மேலே, தேயிலை செத்துப்போன ஐந்தாம் நம்பர் மலையை மாணிக்கக்கல் தேடி வந்தவர்கள் குழி குழியாகத் தோண்டிப்போட்டார்கள். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். கல் கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். லயத்துக்காரர்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலியில் சேறு கிடைத்தது. குடம் வைத்தால் பாதி தண்ணீர், பாதி மலை. ராக்காயியின் மகள் தனுஜா அதைக் குடித்து இரண்டு தடவை வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பிறகு, நிலத்தை மீட்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. குழிகளை மூடினார்கள், ஆயிரம் கன்று நட்டார்கள், அதைவிட அதிகமாகப் படம் பிடித்தார்கள். தலைமை தாங்க வந்த பெரியவர் வேரைச் சுற்றியிருந்த கறுப்புப் பையைக்கூடக் கிழிக்காமல் ஒரு கன்றை நட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். கன்றுகளில் முக்கால்வாசி கருகின. யாரும் நடாத மானாப்புல்தான் தானாக முளைத்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. ஆறே மாதத்தில் பீலி தெளிந்தது. மாடசாமி கண் திறந்தார் என்று ராக்காயி தேங்காய் உடைத்தாள்.

பெரியவர் மறுபடியும் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. காலையில் ஆட்கள் கூடிய பெரட்டில் வேலை பிரித்த கண்டாக்கு கஜேந்திரன், “அஞ்சாம் நம்பர் காடா கெடக்கு. நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி சுத்தம் பண்ணிரு ராக்காயி” என்றார்.

“ஒரு புல்லு நின்னா எம்பேர மாத்திக் கூப்புடுங்கய்யா.”

சொன்னபடியே செய்தாள். நட்ட கன்றுகளை விட்டு மற்றதையெல்லாம் வேரோடு வழித்தெடுத்தாள். சவரம் பண்ணிய கன்னம் போல மலை பளபளத்தது. பெரியவர் மெச்சிக்கொண்டார். மூன்றாம் நாள் மழை கொட்டியது.

விடிந்ததும் குடத்தில் மறுபடியும் மலை இறங்கியிருந்தது. ராக்காயி மேலே ஓடிப் பார்த்தாள். சுரண்டிய இடமெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாக அரித்துக் கிடந்தது. பாறைக்குப் பின்னால், சோம்பலில் அவள் விட்டுவிட்ட ஒரு துண்டு மானா மட்டும் மண்ணோடு அப்படியே நின்றது. பெத்த பிள்ளை குடிக்கிற தண்ணீரில் தானே மண்ணள்ளிப் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரத்து மானாவைப் பெயர்த்து வந்து நட்டாள்.

அடுத்த வருஷமும் பெரியவர் வருவதாகச் சேதி வந்தது.

“சுரண்டியத் தூக்கு” என்றார் கண்டாக்கு.

“காம்பு அடுப்புக்குப் போயிருச்சுங்கய்யா.”

“மத்தவங்களோடதும் போயிருச்சா?”

“போன மாசம் குளிரு கூடங்கய்யா. எல்லாமே போயிருச்சு.”

பெரியவர் வந்தார். இடுப்பளவு புல்லைப் பார்த்து முகம் சுளித்தார். “போன தடவை எவ்வளவு சுத்தமா இருந்துச்சு!”

ராக்காயி பீலியில் ஒரு கிளாஸ் பிடித்து வந்து நீட்டினாள். “சுத்தம் இப்ப இதுலதாங்க இருக்கு. குடிச்சுப் பாருங்க.”

அவர் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தெளிவாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, கிளாஸைக் கல்லின் மேல் வைத்தார். பிறகு தன்னுடைய போத்தலைத் திறந்து குடித்தார்.

கல்லின் மேலிருந்ததைத் தனுஜா எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.