ஆவணி பத்தும் என் மடியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். தமிழ் மாதக் கணக்கில் விதைத்துத் தமிழ் மாதக் கணக்கில் அறுக்கிற சம்சாரி வீட்டில் பிறந்தும், ஆவணி பத்தை ஆகஸ்ட் பத்து என்று லீவு ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தவன்.

துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் குடோனில் குழாயும் கம்பியும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஊரில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மேனேஜர் ஐந்து பேரோடு ஒரே அறையில் படுக்கிறான். காலையில் குளிக்க வாளியோடு வரிசையில் நிற்கிறான். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச்சு போகாது. வேறொரு ஆப்பில்தான் வீட்டோடு பேச வேண்டும். அதில் குரல் வரும்போது முகம் நின்றுவிடும், முகம் அசையும்போது குரல் போய்விடும்.

திருச்சுழிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்கு ஒரே மகள். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவளுக்கு ஐந்து வயதாகியும் காது மூளியாகவே இருந்ததற்குக் காரணம், மடி துபாயில் இருந்தது. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு, "மாமா, தோடு!" என்று போனில் காட்டுவாள். பள்ளிக்கூட வேனில் மற்ற பிள்ளைகள் மூளிக்காதி என்று கூப்பிடுகிறார்களாம். அதை வேறு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

போன வருடம் தங்கச்சி பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, "ஆவணி பத்து, அண்ணே" என்றாள். அன்றைக்கே ஃபாரத்தை நிரப்பி, ஆகஸ்ட் ஐந்திலிருந்து பதினைந்து வரை லீவு வாங்கிவிட்டேன். பிறகு பத்திரிகை போனில் வந்தது. ஆவணி பத்து, பக்கத்திலேயே ஆகஸ்ட் இருபத்தாறு. நான் வாங்கிய பதினோரு நாளும் சுத்தமான ஆடி மாதம். ஆடியில் காது குத்து வைப்பார்கள் என்று நம்பிய ஒரே சம்சாரி மகன் நானாகத்தான் இருப்பேன்.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். இருபதாம் தேதி இன்னொருவன் ஊருக்குப் போகிறான், இனி மாற்ற முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. உண்மையைத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கலாம். மேனேஜருக்குத் தேதி தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "கம்பெனியில கடைசி நேரத்துல லீவைக் கேன்சல் பண்ணிட்டாய்ங்கத்தா" என்றேன்.

"அவனுக வெளங்குவாய்ங்களாண்ணே? பிள்ளைக்குக் காது குத்துன்னு சொல்லியுமா? அவனுகளுக்கெல்லாம் கூடப் பொறந்தவ இல்லையா?"

அவ்வளவு சாபமும் எனக்குச் சேர வேண்டியது. மறுநாள் சூப்பர்வைசர் தும்மியபோது எனக்குப் பகீர் என்றது.

பாலவனத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன் போன் போட்டான். "ஏலே, நானும் அதுக்கு மாமன்தானடா. பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு. என் மடியில உக்கார வச்சுக் குத்திருவோம்."

"நான் செத்தா போயிட்டேன்? அடுத்த லீவுக்கு வாரேன். என் மடியிலதான் குத்தணும்."

"சரிப்பா, பத்திரமா வச்சிரு உன் மடிய" என்று போனை வைத்துவிட்டான். தங்கச்சி என் பேச்சைத்தான் கேட்டாள். ஊர் ஊராகப் போன் போட்டு விசேஷத்தைத் தள்ளி வைத்தாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். தங்கச்சி களத்தில் நின்றாள். பின்னால் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. வத்தலுக்கு அடியில் ஒரு கோட்டு, ஒரு டை, பாதி மீசை. விசேஷத்துக்காக அருப்புக்கோட்டையில் அடித்த ஃபிளெக்ஸ். யாருடைய கோட்டின் மேலோ என் தலையை ஒட்டியது. 'அன்புத் தாய்மாமன்' என்ற எழுத்து மட்டும் மிச்சம் தெரிந்தது. ஆறு மாதமாக என்னால் சொல்ல முடியாததை அந்த வத்தல் சொல்ல வைத்தது.

"ஏத்தா, கம்பெனிக்காரன் லீவு தந்தான். நான்தான் ஆவணி பத்தை ஆகஸ்ட் பத்துன்னு எழுதிட்டேன். கேவலமா இருந்துச்சு, அதான் அவன் மேல போட்டுட்டேன்."

அவள் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் ஒரு கோழி நடந்து போனது.

"வார வைகாசிக்குக் கண்டிப்பா வாரேன். தேதியை நீயே எழுதி அனுப்பு, அதை அப்படியே ஃபாரத்துல ஒட்டிக் குடுத்திருறேன்" என்று சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குள் பிள்ளை ஓடிவந்து போனுக்குள் காதை நீட்டியது.

"என்னத்தா, இன்னைக்குப் பொட்டு இம்புட்டு மினுங்குது?"

"பொட்டு இல்ல மாமா, தோடு!"

காது மடல் லேசாகச் சிவந்து வீங்கியிருந்தது.

"முந்தாநா டவுனு நகைக்கடையில குத்திட்டு வந்தோம்ணே" என்றாள் தங்கச்சி. "பள்ளிக்கூடத்துக்குப் போமாட்டேன்னு அழுதுச்சு."

கேட்கக் கூடாததையே கேட்டேன்.

"யாரு மடியிலத்தா?"

"ஸ்டூலுல."