அரிசி காணாது

வீட்டில் சமைக்கிறவன் அடுப்பைப் பார்த்தால் போதும். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுச் சமைக்கிறவன் வானத்தையும் பார்க்க வேண்டும். அடுத்தவர் பசிக்குப் பொறுப்பேற்றுத் தூக்கம் கெட்டவர்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளில் லண்டனில் ஒரு சிறிய நிறுவனம், கோடையில் ஆட்களைக் கனடாவின் வடகோடிக்கு அழைத்துப்போய், ஆர்க்டிக் ஆறு ஒன்றில் துடுப்புப் போட வைத்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்த நான் அவர்களின் சமையல்காரன். எனக்கு நீந்தத் தெரியாது.

புறப்பாடு

அப்போது என் மனைவி இருந்தாள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளைப் பையில் கட்டியபடி, அங்கே என்ன இருக்கும் என்று கேட்டாள். மரம் இல்லை, கரடி உண்டு என்றேன். "இஞ்சாருங்கோ, ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களா கரடியிட்டப் போறியளோ?"

கவிழ்ந்த படகு

பாறைகளுக்கிடையே ஒரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்தவர்கள் கரையேறிவிட்டார்கள், உணவுப் பீப்பாயை ஆறு இழுத்துக்கொண்டு போயிற்று. எங்களை ஏற்றிப்போகும் விமானம் ஆற்று முகத்துவாரத்துக்குத்தான் வரும். அதுவரை மிஞ்சியது கொஞ்ச அரிசி, பருப்பு, வெங்காயம். பீப்பாய்க்குள் எவ்வளவு இருந்ததென்று எனக்கும் வழிகாட்டி கிரஹாமுக்கும்தான் தெரியும். சொன்னால் எல்லோரும் பதறித் துடுப்புப் போட்டு மறுபடி கவிழ்வார்கள் என்று கிரஹாம் பயந்தார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "சிரித்த முகமாய் இரு. சமையல்காரன் முகத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள்."

கரடி வேட்டை

மறுநாள் காலை அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்து, "அரிசி காணாது" என்று எனக்குள் முணுமுணுத்தேன். எங்கள் பேச்சில் அதற்குப் போதாது என்று பொருள். பின்னால் நின்றவர், எங்களோடு துடுப்புப் போட வந்த, லண்டன் இல்ஃபோர்டில் வேலை பார்த்த மதுரை டாக்டர். அவர் காதில் அது வேறாக விழுந்தது. "கரடி! அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே ஓடினார். கிரஹாம் துப்பாக்கியோடு வந்தார். மற்றவர்கள் சட்டிகளைத் தட்டிக்கொண்டு புதர்களில் கரடியைத் தேடினார்கள்.

கரடி இல்லை, ஒன்றும் இல்லை என்று நான் கத்தினேன். டாக்டர் மூச்சிரைக்க, "என்னண்ணே, நீங்கதானே அரிசியைக் காணோம்னு சொன்னீங்க?" என்றார். அர்த்தத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. சட்டிச் சத்தம் நின்றது. எல்லோரும் அந்தப் பையையே பார்த்தார்கள். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு அந்தக் கரடியே தேவலையே அண்ணே!"

மூடுபனி

முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். விமானம் வரவில்லை, கடலிலிருந்து வந்த பனி கரையை மூடியிருந்தது. பிடித்த ஒன்றிரண்டு மீனைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். ஒவ்வொரு வேளையும் தண்ணீரைக் கூட்டினேன். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வங்கியில் வேலை பார்த்த மார்கரெட் கிண்ணத்தை வழித்தபடி சொன்னாள்: "உடம்பு மெலிய லண்டனில் இதைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அங்கே பக்கத்தில் கடை திறந்திருந்தது."

விமானம்

பானையில் கடைசிக் கஞ்சி கொதிக்கும்போது பனி விலகி, விமானம் தண்ணீரில் இறங்கியது. மார்கரெட் அழுதாள், டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். விமானி கரைக்கு வந்ததும் கஞ்சி வாசனையை மூக்கால் இழுத்தார். "பனி விலகுமென்று காத்திருந்ததில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதில் எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"

காப்பாற்ற வருகிறவனும் பசியோடுதான் வருவான் என்பதைச் சமையல்காரன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.