பொன்னாயி கேட்ட ஞானஸ்நானம்

அரியலூர்க் கடலைமண்டியில் எடை போட்ட ஞானமுத்துவைப் போலக் கண்டிப்பான கிறிஸ்தவரை நான் பார்த்ததில்லை. முதலாளி கண்ணைக் காட்டினாலும் அவர் தராசு குன்றிமணி அளவுகூடச் சாயாது. வீட்டில் அவர் ஜெபம் முடிவதற்குள் குழம்பு ஆறிப்போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாத உபதேசியார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்கள் பாடம் ஒப்பிக்காவிட்டால் பாதிரியாரிடம் அனுப்பமாட்டார். பரீட்சை ஆபீசர் என்று சபையில் நாங்கள் கேலி செய்வோம்.

அவருடைய தாய் பொன்னாயி மட்டும் பழைய சாமிகளையே கும்பிட்டு வந்தாள். பெற்ற ஒரே மகன் வேதத்தில் சேர்ந்து பழைய சடங்குகளை விட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரே கவலை, தனக்குக் கொள்ளி வைக்க ஆளில்லையே என்று. நாற்பத்தாறாம் வருஷம் மாசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்து, வேதக்கோயிலில் ஞானஸ்நான வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"எதுக்கும்மா ஞானஸ்நானம்?" என்று எல்லாரையும் கேட்பதுபோலவே கேட்டார் ஞானமுத்து.

"நான் செத்தா நீ உன் கையால மண்ணு போடணும். அதுக்குத்தான்."

"எனக்காக வரக்கூடாதும்மா. ஏசுவுக்காக வரணும்."

"உன்னப் பாத்துத்தாண்டா அவர எனக்குத் தெரியும்!"

மனுஷன் அசையவில்லை. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார். அதில் ஏசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்துவின் பெயர் வரும் இடத்தில் அவளுக்கு நாக்குப் புரளவில்லை. "ஈஸ்டருக்கு வேணாம், கிறிஸ்மஸுக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கு ஒரு நியாயம், தாய்க்கு ஒரு நியாயமா என்பது அவர் கட்சி. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆடியில் வாந்திபேதி பரவியது. ஞானமுத்து வகுப்பெடுக்கத் திருமானூர் போயிருந்த அன்று பொன்னாயி போய்விட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது பாடை கட்டியாகிவிட்டது. ஞானஸ்நானம் பெறாதவளுக்குக் கோயில் கல்லறையில் இடமில்லை. சுடுகாட்டில் பங்காளி முருகையன்தான் கொள்ளியை எடுத்தான். "நீ தள்ளி நில்லு" என்றான். பெற்ற மகன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பாதிரியார் வந்து, "கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர், ஞானமுத்து" என்று தேற்றினார்.

"அவரு பாத்திருப்பாருங்க ஐயா. நான்தான் பாக்கல" என்றார்.