பல் படாத நெல்

புழுங்கல் நெல் காயும் வாசனையில் ஓர் அவசரம் உண்டு. ஆவி பறக்கக் களத்தில் கொட்டியதுமே அது என்னை வா, வா என்று இழுக்கும். உட்கார முடியாது. வெயிலில் இறங்கி ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். டக்கென்று உடைந்தால் அள்ளலாம். உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் அரிசி ஆலை. நான் கடித்துத் தலையாட்டாமல் அங்கே ஒரு கூடை நெல்கூட நகராது. அதில் எனக்குப் பெருமைதான்.

காஞ்சிபுரத்தில் தொழில் நடத்துகிறவர்களுக்காக ஒரு வகுப்பு வைத்தார்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் தொழில் என்ன செய்கிறது, எழுதுங்கள் என்றார்கள். 'காத்திருக்கிறது' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தச் சொல் என்னையே பார்த்தது.

கொஞ்ச நாளில் முன்பல் இரண்டைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வாயில் பஞ்சு, கடிக்கவும் வழியில்லை, பேசவும் வழியில்லை. ஆலைக்குத் திரும்பினால் தாமல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. களம் முழுக்கப் பாதி காய்ந்த நெல். நனைந்தால் கெடும். வீணாகக் குவித்து மூடி வைத்தாலோ உள்ளே சூடேறி நாறும். துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். களத்துக்குப் பொறுப்பான அக்கா வந்து என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"மொதலாளி பல்லு படாம நம்ம நெல்லு காயாதே. இப்ப இன்னா பண்றது?"

களமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, வலித்தது. இந்த மேகம் பெய்யாது என்று எனக்குத் தோன்றியது. குவிக்க வேண்டாம் என்று கையசைத்தால் போதும். கை எழுந்தும்விட்டது. எழுந்த கையை அப்படியே அவர் பக்கம் நீட்டினேன்: நீங்கள் சொல்லுங்கள்.

"நானா? அப்புறம் திட்டக் கூடாது."

தலையாட்டினேன். அவர் ஒரு மணியைக் கடித்தார், வானத்தைப் பார்த்தார், குவிக்கச் சொன்னார்.

குவித்துத் தார்ப்பாய் மூடியதும் நாலு தூறல். அவ்வளவுதான். மேகம் கலைந்து வெயில் பளீரென்று அடித்தது. அக்கா நிமிரவேயில்லை. மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது என் புருவம் கொஞ்சம் சுருங்கினால் போதும், இனி ஒருவரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள். நடந்துபோய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனையை அக்கா பிடித்தார்.

"பேஜாராப் பூட்ச்சி, மொதலாளி."

நானும் எத்தனையோ முறை தவறியிருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன். பஞ்சுக்குள் எல்லாம் குழைந்தது.

"பஞ்ச எடுத்துட்டு சொல்லுங்க. ஒண்ணும் பிரியல" என்றார். மறுபடி சிரிப்பு. மறுபடி நெல்லைப் பரப்பினோம்.

இப்போது பல் கட்டியாகிவிட்டது. நெல்லைக் கடிக்கிற பழக்கம் போகவில்லை. தலையாட்டுவதைத்தான் நிறுத்தப் பார்க்கிறேன். கழுத்து கேட்க மாட்டேன் என்கிறது.

நேற்று காவாந்தண்டலத்தில் கொள்முதலுக்கு நெல் பார்த்துக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. கை போனைத் தேடியது. எடுத்த போனைத் திரும்பப் பையில் போட்டேன். வண்டியை மட்டும் கொஞ்சம் விரட்டினேன். ஆலைக்குப் போய்ச் சேரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. களம் முழுக்க மூடிய குவியல்கள், ஓரங்களில் கல் வைத்த தார்ப்பாய்கள். கொட்டகையில் எல்லோரும் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாத்துக்கு நனஞ்சிக்கினு நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார் அக்கா, எனக்கும் ஒரு பிடி கடலையை ஒதுக்கிக்கொண்டே.