மாடுகளிடம் முன்கூட்டியே கேட்ட மன்னிப்பு

என்னைக் குதிரை மேல் ஏற்றிவிட்டது என் வாய்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் குடியிருந்தோம். என் கணவரின் ஆபீஸ் பிக்னிக்கை அந்த வருடம் ஒரு மாட்டுப் பண்ணையில் வைத்தார்கள். பண்ணை அவருடைய மேனேஜரின் தங்கைக்குச் சொந்தம். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். சாப்பாடு முடிந்ததும் அவள் தன் பெண்குதிரை மேல் ஏறி மாட்டுக் கூட்டத்துக்குள் மெதுவாக நுழைந்தாள். ஒரே ஒரு கிடாரியை மட்டும் பிரித்து வெளியே கொண்டுவந்தாள். அது திரும்பவும் கூட்டத்துக்குள் ஓடப் பார்த்தது, குதிரை விடவில்லை. கிடாரி இடப்பக்கம் பாய்ந்தால் குதிரையும் இடப்பக்கம், வலப்பக்கம் பாய்ந்தால் வலப்பக்கம். முன்னங்காலை மடக்கிப் பதுங்கி, முகத்துக்கு நேரே நின்று மறித்தது. இந்த விளையாட்டுக்குக் கட்டிங் என்று பெயர். கத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மந்தையிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது, அவ்வளவுதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான், "எல்லாத்தையும் குதிரைதான் பண்ணுது. அந்தம்மா பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி உக்காந்த மாதிரி சும்மா உக்காந்திருக்குது" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டேன். என்ன சொல்கிறாள் உன் மனைவி என்று அவள் என் கணவரிடம் கேட்டாள். அவருக்குப் பொய் சொல்ல வராது. வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். பெண் பார்ப்பது என்றால் என்ன என்று விளக்கம் வேறு கொடுத்தார். அவள் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு, அப்படியானால் சனிக்கிழமை வந்து நீயும் சும்மா உட்கார்ந்து காட்டு என்றாள். குளிர் தொடங்கும்போது புதியவர்களுக்கு ஒரு சின்னப் போட்டி நடக்கும், அதற்குள் தேறிவிட்டால் இதே குதிரையைத் தருகிறேன் என்றும் சொன்னாள்.

எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், இங்கே துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் நான் இவருடைய ஒய்ஃப். துக்கம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன், எரிச்சலாக இருந்தது. இந்த நாட்டில் நானே செய்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது வேண்டும் என்று ஏங்கினேன். புது வருடத்தில் கணவருக்குக் கலிபோர்னியாவில் மில்பிடாஸுக்கு மாற்றல் என்று முடிவாகியிருந்தது. அந்த ஒரு போட்டியை விட்டால் எனக்கு வேறு போட்டி இல்லை.

"ஏனுங்க, சனிக்கிழமை என்னைப் பண்ணைல ட்ராப் பண்ணிருங்க" என்றேன்.

"விழுந்து கைகால் ஒடஞ்சா என்ன பண்ணுவ?"

"நான் என்ன பண்றது? நீங்கதான் சமைக்கோணும்."

சனிக்கிழமைதோறும் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, காரைப் பண்ணைக்கு முதுகு காட்டி நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

முதல் பாடமே எனக்கு ஆகாத பாடம். கிடாரியைப் பிரித்து வெளியே கொண்டுவரும் வரைக்கும்தான் கடிவாளம் நம்முடையது. அதற்குப் பிறகு அந்தக் கையைக் குதிரையின் கழுத்தோடு தாழ்த்தி வைத்துவிட வேண்டும். இன்னொரு கையால் சேணத்தின் முன்னால் இருக்கும் கொம்பைப் பிடித்துக்கொள்ளலாம். இழுக்கக் கூடாது, திருப்பக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. மீறினால் பாயின்ட் போய்விடும். நானோ, ஃப்ரீவேயில் கணவர் லேன் மாறும்போது பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் போடுகிறவள். கிடாரி அசைந்தால் என் கை கடிவாளத்தை இழுத்துவிடும். குதிரை வேலையை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கும். என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை கிடாரி இடப்பக்கம் போனது, குதிரையும் இடப்பக்கம் போனது, நான் மட்டும் வலப்பக்கம் போனேன். வாய் நிறைய மண். காரில் ஏறியதும் கணவர் என் சட்டையைப் பார்த்தார். காற்று பலமாக அடித்தது என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை, வீடு போய்ச் சேரும்வரை நாற்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை.

கை ஒருவழியாக அடங்கியது. ஆனால் அதற்குள் கால் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. மந்தைக்குள் குதிரை நடக்கும்போது இரண்டு பக்கமும் மாடுகள் நெருக்கும், பூட்ஸ் அவற்றின் மேல் உரசும். நம் ஆட்களுக்குக் கால் எதன் மேல் பட்டாலும் கை தானாகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். புத்தகம் என்றாலும் அப்படித்தான், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் என்றாலும் அப்படித்தான். இது மாடு வேறு. பூட்ஸ் பட்டதும் நான் சேணத்திலிருந்து சரிந்து, கிடாரியின் முதுகைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வேன். குதிரையில் வருகிறவர்களிடமிருந்து இப்படியொரு மரியாதையைக் கண்டறியாத அந்தக் கிடாரி மிரண்டு ஓடும். அதைப் பார்த்து மந்தை மொத்தமும் சிதறும். மந்தையைக் கலைக்காமல் நுழைவதுதான் இந்த விளையாட்டின் பாதி.

பண்ணைக்காரி என் கையைக் கவனித்தாள், காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். டெக்சாஸில் அந்தப் பருவத்தில் மகரந்தத்தூள் பறக்கும், ஊருக்கே கண் அரிக்கும். எனக்கும் அலர்ஜி என்று நினைத்துச் சொட்டு மருந்து கொடுத்தாள். பிறகு மாத்திரை கொடுத்தாள். விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நன்றாக இருந்த கண்ணில் வாராவாரம் மருந்து விட்டுக்கொண்டேன். போட்டி நெருங்கியபோது, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீ மந்தைக்குள் போகக் கூடாது, குதிரையைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

விதையை மென்றபடி கேட்டாள். எல்லா மாட்டுக்கும் இப்படிச் செய்வாயா என்றாள். கால் படுகிற எல்லா மாட்டுக்கும் என்றேன். தோலைத் துப்பிவிட்டு, கால் பட்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, முன்னாலேயே கேட்டால் செல்லாதா என்றாள்.

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலமே, எங்கள் வட்டாரத்தில் சாஸ்திர சந்தேகமெல்லாம் தீர்த்துவைக்கும் ஓர் ஆன்ட்டிக்கு போன் போட்டேன்.

"ஆன்ட்டி, கால் படறதுக்கு முன்னாடியே தொட்டுக் கும்பிட்டுட்டா செல்லுங்களா?"

"யார் மேல படப்போறது?"

"மாட்டு மேலைங்க. ஒரு மந்தை."

"நீ ஒரு தடவை இந்தியா போய்ட்டு வாம்மா. எல்லாம் சரியாயிடும்" என்றார் ஆன்ட்டி.

செல்லாது என்று அவர் சொல்லவில்லை. நான் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

போட்டி நாள் காலையில், மாடுகளை ஒரு கம்பி அடைப்புக்குள் விட்டிருந்தார்கள். நான் அடைப்பைச் சுற்றி வந்து, கம்பி இடுக்கில் கையை விட்டு ஒவ்வொரு கிடாரியாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எட்டாத மாடுகளை எட்டும் இடத்துக்கு ஓட்டிவரச் சொல்லி பண்ணைக்காரியையும் வேலை வாங்கினேன். வேலியில் சாய்ந்திருந்த தொப்பிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏதோ ஜெபம் என்று நினைத்து ஒருவர் தொப்பியைக் கழற்றினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். மொத்தமாக மன்னிப்புக் கேட்டு முடித்தபோது மனசு லேசாக இருந்தது.

கணவர் அன்று காரை விட்டு இறங்கியே ஆக வேண்டியிருந்தது. கேம்கார்டரை அவர் கையில் கொடுத்தேன். கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த டேப்பை அனுப்ப வேண்டும் என்பது என் திட்டம். "பட்டனை அமுக்கிப்போட்டு என்னையே புடிங்க, வேறெதும் பண்ண வேண்டாம்" என்றேன். அவர் தலையாட்டினார். முகம் வெளுத்திருந்தது.

மொத்தம் இரண்டரை நிமிடம். மந்தைக்குள் நுழைந்ததுமே பூட்ஸ் ஒரு கிடாரியின் விலாவில் உரசியது. விரல் துடித்தது. கணக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று அதற்கு மனசுக்குள் சொன்னேன், கை அடங்கியது. மந்தை கலையவில்லை. வெள்ளை முகமும் சிவப்பு உடம்புமான ஒன்றை வெளியே ஓட்டி வந்து, கடிவாளக் கையைக் கழுத்தோடு தாழ்த்தினேன். எனக்குக் கீழே குதிரை சட்டென்று பள்ளத்தில் இறங்கியதுபோல் தாழ்ந்தது. அப்புறம் இடம், வலம், இடம். ஒரு தடவை கிடாரி தாண்டியேவிட்டது என்று நினைத்தேன். இழுக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் கத்தியது. நான் இழுக்கவில்லை. குதிரை திரும்பி, அதை மறித்துவிட்டது. மணி அடித்தபோதுதான், இவ்வளவு நேரமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே தெரிந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு அந்த ஊரில் அதற்குமுன் வந்ததில்லை. அழுகையும் வந்தது.

கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. கடைசி இடம் ஒரு பல் டாக்டருக்கு. அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் போட்டேன். திரையில் மண் தெரிந்தது. பிறகு வேலியின் அடிக்கட்டை, என் கணவரின் ஷூ, மறுபடியும் மண். குதிரையும் இல்லை, மாடும் இல்லை, நானும் இல்லை.

"என்னங்க இது? ஒரு வேலைதான சொன்னேன்?" என்று பிடித்துக்கொண்டேன்.

"பாக்க முடியல. கண்ணை மூடிட்டேன்" என்றார்.

இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது டேப்பில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். அவருடைய குரல். எதிர்வீட்டில் ஒரு ஸ்குரூடிரைவர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற மனிதர், அந்தப் பெண்குதிரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, நீ நல்லா இருப்ப. அவ எதாச்சும் திட்டியிருந்தாக் கண்டுக்காத சாமி, வாய்தான் அப்படி. கீழ மட்டும் போட்ராத. எனக்கு இங்க வேற ஆரும் இல்ல."

மணி அடிக்கும்வரை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் போட்டேன்.